டன்னுக்கு ஐந்து வெள்ளி

2021இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை ஓர் எக்செல் தாள். ஜூரோங் தீவில் ஓர் ஆலை. அங்கே ஒரு பழைய உலை. அதன் புகைபோக்கி வழியாக வெப்பம் வீணாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெப்பத்தைப் பிடித்து, உலைக்குள் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் எரிவாயு மிச்சமாகும், கரிம வாயுவும் குறையும். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். "கணக்குப் போட்டுக் காட்டு" என்றார்கள். போட்டேன்.

செலவு 45 லட்சம் வெள்ளி. மிச்சமாகும் எரிவாயு ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளி. குறையும் கரிம வாயு ஆண்டுக்கு 6,000 டன். அப்போது சிங்கப்பூரின் கரிம வரி டன்னுக்கு 5 வெள்ளி. ஆக, வரியில் மிச்சம் 30,000 வெள்ளி. மொத்தமாகக் கூட்டினால் போட்ட பணம் திரும்ப ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். எங்கள் இடத்தில் மூன்று வருஷத்துக்குள் திரும்பாத எதற்கும் கையெழுத்து விழாது. தாள் திரும்பி வந்துவிட்டது.

பக்கத்து மேசையில் இருந்த அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஜொகூர்க்காரர். விடியற்காலையில் மோட்டார்சைக்கிளில் ரெண்டாவது பாலத்தைத் தாண்டி வருபவர். "டன்னுக்கு அஞ்சு வெள்ளியா? அது தேத்தண்ணி காசும்மா" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து வெள்ளி எப்படி வந்தது, ஏன் ஐந்து, ஏன் ஐம்பது இல்லை என்ற கேள்வி மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. அதைத் தேடிப் போனதில், கரிம வரியைவிடப் பழைய ஒரு கதை கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

கதை புக்கோம் தீவில் தொடங்குகிறது. 1891இல் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் நிறுவனத்தார் இந்தத் தீவில் மண்ணெண்ணெய் சேமிக்க இடம் பிடித்தார்கள். ஏன் தீவு? துறைமுக எல்லைக்குள் மண்ணெண்ணெயை மொத்தமாகத் தொட்டிகளில் வைக்க அனுமதி இல்லை, தீப்பிடிக்கும் என்ற பயம். எல்லைக்கு வெளியே போனால் அந்தத் தடை இல்லை. அடுத்த ஆண்டே ‘மியூரக்ஸ்’ என்ற கப்பல் கருங்கடலோரத்து பாத்தூமியில் மண்ணெண்ணெய் ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியாக இங்கே வந்தது. பிற்காலத்தில் ஷெல் என்று உலகம் அறிந்த நிறுவனத்தின் தொடக்கம் இதுதான். கனரகத் தொழில் இந்த ஊருக்கு வந்த முதல் நாளிலிருந்தே அதன் குணம் இது: ஓர் இடத்தில் விதி கடுமையாக இருந்தால், பக்கத்தில் விதி தளர்வான இடத்தைத் தேடும்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1961இல், அதே புக்கோமில் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. அந்தக் காலத்துச் சிங்கப்பூரை நினைத்துப் பாருங்கள். வேலை இல்லாதவர்கள் நிறைய. கோ கெங் சுவீ நிதியமைச்சர். ஐநா அனுப்பிய குழுவின் தலைவராக டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1960இல் வந்தார். 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. ஜூரோங் சதுப்பு நிலத்தை நிரவித் தொழிற்பேட்டை ஆக்கும் வேலை ஆரம்பமானது. ஆலைகள் வராமல் நிலம் வெறிச்சோடிக் கிடந்தபோது ‘கோவின் முட்டாள்தனம்’ என்று ஊர் சிரித்ததும் உண்டு.

ஆலைகளைக் கூப்பிட அன்றைய அரசின் கையில் இருந்த முக்கியமான கருவி வரி. அதாவது, வரி வாங்காமல் இருப்பது. 1959இன் முன்னோடித் தொழில் சட்டப்படி, தகுதி பெற்ற நிறுவனத்துக்கு 40 விழுக்காட்டு நிறுவன வரியிலிருந்து ஐந்தாண்டு வரை விலக்கு. 1967இல் வந்த பொருளியல் விரிவாக்க ஊக்குவிப்புச் சட்டம், ஏற்றுமதி லாபத்தின் மீதான வரியை 4 விழுக்காடாகவே குறைத்தது. கனிமம் இல்லை, எண்ணெய்க் கிணறு இல்லை, பெரிய உள்நாட்டுச் சந்தையும் இல்லை. நல்ல துறைமுகமும் வரிச் சலுகையும்தான் முதலீட்டாளருக்குக் காட்ட இருந்த முகம்.

அது வேலை செய்தது. 1960களிலும் 70களிலும் சுத்திகரிப்பு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜப்பானின் சுமிட்டோமோ தலைமையிலான நிறுவனங்களும் சிங்கப்பூர் அரசும் சேர்ந்து 1977இல் ஆரம்பித்த பெட்ரோ ரசாயனத் திட்டம், 1984இல் ஆயர் மெர்பாவ் தீவில் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ஏழு தீவுகளுக்கு நடுவே இருந்த கடலையே மண் போட்டு நிரப்பினார்கள். பத்துச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்த நிலம் முப்பதைத் தாண்டியது. அங்கே வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள் அதற்கு முன்பே பெருந்தீவுக்கு இடம் மாற்றப்பட்டிருந்தார்கள். 2000 அக்டோபரில் ஜூரோங் தீவு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இன்று நான் கேட் பாஸ் காட்டிப் போகும் சாலைக்குக் கீழே ஒரு காலத்தில் சம்பான் ஓடியிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், இந்தத் தீவு வரி விலக்கின் மேல் கட்டப்பட்டது. அதே அரசு, அதே தீவின் மேல் 2019இல் ஒரு புது வரி போட்டது.

*

2017 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் முதலில் அறிவித்தபோது டன்னுக்கு 10 முதல் 20 வெள்ளி என்றுதான் பேச்சு. ஓராண்டு கலந்தாலோசனைக்குப் பிறகு 2018 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது 5 வெள்ளி. 2019 ஜனவரி 1 முதல், ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் எல்லா ஆலைகளுக்கும். தென்கிழக்காசியாவில் முதல் கரிம வரி இதுதான். முதல் ஐந்தாண்டில் சுமார் ஒரு பில்லியன் வெள்ளி வரும், அதைவிட அதிகமாகவே நிறுவனங்களுக்கு உதவச் செலவிடத் தயார் என்று அரசு சொன்னது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பது போல.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோல் நிலையத்தில் கார் ஓட்டுபவர் கட்டும் தீர்வையைப் பாருங்கள். 2021 முதல் சாதாரண ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரிம வாயு வரும். அந்தத் தீர்வையைக் கரிம வாயுக் கணக்காக மாற்றினால் டன்னுக்கு 280 வெள்ளிக்கு மேல். அதே ஆண்டில் பெரிய ஆலை கட்டியது டன்னுக்கு 5 வெள்ளி. சரி, பெட்ரோல் தீர்வை கரிம வாயுவுக்காக மட்டும் போட்டதில்லை. சாலை நெரிசலும் அதில் இருக்கிறது. இருந்தாலும் இந்த இடைவெளி யோசிக்க வைக்கிறது இல்லையா?

காரணம் எளிமையானது. ஈசூனில் குடியிருந்து துவாஸில் வேலை பார்க்கிறவர் பெட்ரோல் விலை ஏறினால் வேறு நாட்டுக்குப் போய் வண்டி ஓட்ட மாட்டார். எத்திலீன் ஆலை போகும். இன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போகாது. ஆனால் அடுத்த பெரிய முதலீட்டை எங்கே போடுவது என்று தலைமையகத்தில் பேசும்போது, வரைபடத்தில் விரல் வேறு இடத்துக்கு நகரும். எரிசக்தி வரியின் வரலாறு முழுக்க இந்த ஒரு பயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்வீடன் 1991இல் கரிம வரி கொண்டுவந்தது. 1993லேயே தொழிற்சாலைகளுக்கான விகிதத்தைக் கால்பங்காகக் குறைத்துவிட்டது. வீடுகள் முழுசாகக் கட்டின. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் விலை வைத்தது. ஆட்சி மாறியதும் 2014இல் அதை ரத்து செய்தது. இரண்டே வருஷம். முப்பது வருஷம் ஓடப்போகும் ஆலையைத் திட்டமிடுகிறவர் அந்த இரண்டு வருஷ விலையை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

நேர்மாறான கதையும் உண்டு. அது நார்வேயில் நடந்தது. 1991இல் நார்வே தன் கடல் எண்ணெய், எரிவாயுத் தொழிலின் மேல் கடுமையான கரிம வரி போட்டது. ‘ஸ்லெய்ப்னர்’ வயலில் கிடைத்த எரிவாயுவில் சுமார் 9 விழுக்காடு கரிம வாயு கலந்திருந்தது. விற்க வேண்டுமென்றால் அது 2.5 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். ஆக எப்படியும் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் வரி. ஸ்டாட்டாயில் நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்தது. 1996 முதல் அந்த வாயுவைக் கடலடிக்குக் கீழே இருக்கும் உப்புநீர்ப் பாறை அடுக்குக்குள் செலுத்த ஆரம்பித்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லியன் டன். வரி முதலீட்டைத் துரத்துவதற்குப் பதிலாக உருவாக்கியது.

ஏன் அங்கே நடந்தது? வரி கனமாக இருந்தது. நீடிக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எரிவாயு வயலைப் பெயர்த்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நம்மிடம் வயல் இல்லை. கச்சா எண்ணெயும் நாஃப்தாவும் வெளியிலிருந்து வருகின்றன, செய்த பொருள் வெளியே போகிறது. இடையில் நம்மிடம் இருப்பது குழாய்களும் தொட்டிகளும், அதை ஓட்டத் தெரிந்த மனிதர்களும்தான்.

*

அப்படியென்றால் 5 வெள்ளி முதலீட்டைத் துரத்தியதா? நடந்ததைப் பார்ப்போம்.

2018 டிசம்பரில், வரி வரப்போவது தெரிந்தே, பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் துவாஸில் பெரிய விரிவாக்கத்துக்கு முடிவெடுத்தது. கழிவுக் கொழுப்பிலிருந்து டீசலும் விமான எரிபொருளும் செய்யும் ஆலை. அதற்கான சந்தையே மற்ற நாடுகளின் பருவநிலைச் சட்டங்களால் உருவானதுதான். 2019 ஏப்ரலில், வரி அமலுக்கு வந்து மூன்று மாதம் கழித்து, எக்ஸான்மொபில் ஜூரோங் தீவில் பல பில்லியன் டாலர் விரிவாக்கத்தை உறுதி செய்தது. ஆக, 5 வெள்ளி யாரையும் துரத்தவில்லை.

ஆனால் 2020 நவம்பரில், அதே 5 வெள்ளி இருக்கும்போதே, ஷெல் புக்கோமின் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்புத் திறனைப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. சுமார் 500 வேலைகள் போகும் என்றது. 2024 மே மாதம் புக்கோமையும் ஜூரோங் தீவில் உள்ள சொத்துகளையும் இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரி, சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் கூட்டணிக்கு விற்பதாகச் சொன்னது. 2025 ஏப்ரலில் கைமாறியது. 1891இல் தொடங்கிய ஒரு கணக்கு முடிந்தது.

இதற்குக் கரிம வரிதான் காரணம் என்று காபிக்கடையில் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனா வரிசையாகப் புதிய கிராக்கர்களைக் கட்டியது. முன்பு நம்மிடம் வாங்கிய சரக்கை இப்போது அவர்களே செய்கிறார்கள், மிச்சத்தை விற்கவும் செய்கிறார்கள். லாப இடைவெளி சுருங்கியது. பழைய ஆலைக்கு அதுவே போதும் மூச்சுத் திணற.

வரியின் எடையை இப்படிப் பார்க்கலாம். நாஃப்தாவிலிருந்து ஒரு டன் எத்திலீன் செய்தால் ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை டன் கரிம வாயு வரும். ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் எத்திலீன் செய்யும் ஆலை, 5 வெள்ளி வரியில் 50 லட்சத்திலிருந்து 75 லட்சம் வெள்ளி கட்டும். அந்த அளவு ஆலைக்கு அது பெரிய காசில்லை. 2022 பிப்ரவரியில் அப்போதைய நிதியமைச்சர் லாரன்ஸ் வோங் புதிய விகிதங்களை அறிவித்தார்: 2024, 2025இல் 25 வெள்ளி. 2026, 2027இல் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி. அதே ஆலை 45 வெள்ளியில் 4.5 கோடியிலிருந்து 6.75 கோடி வரை கட்ட வேண்டும். 80 என்றால் 8 கோடியிலிருந்து 12 கோடி. நல்ல வருஷத்தில் தாங்கலாம். நஷ்டம் ஓடும் வருஷத்தில் இது தேத்தண்ணி காசில்லை.

அதனால்தான் போட்டிக்கு உள்ளாகும் தொழில்களுக்கு இடைக்காலச் சலுகை ஒன்றும் கூடவே வந்தது. வெளியீட்டில் ஒரு பங்குக்கு வரி இல்லை. யாருக்கு எவ்வளவு என்பது வெளியே சொல்லப்படுவதில்லை. இதில் பொறியாளர்கள் கவனிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. சலுகையை ‘நீ போன வருஷம் எவ்வளவு விட்டாயோ அதில் இவ்வளவு’ என்று கொடுத்தால், குறைப்பவருக்குச் சலுகையும் குறையும். யாரும் குறைக்க மாட்டார்கள். ‘இந்தப் பொருளை நல்ல ஆலை இவ்வளவு வெளியீட்டில் செய்யும், அந்த அளவுக்குச் சலுகை’ என்று கொடுத்தால், மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் முழு 45 வெள்ளியும் மிச்சம். சிங்கப்பூர் திறன் அளவுகோலை வைத்தே இரண்டாவது பக்கம் சாய்ந்திருக்கிறது. காகிதத்தில் நல்ல வடிவமைப்பு.

*

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஜொகூர் அண்ணன் கேட்டார்: "பெங்கேராங்ல இந்த வரியெல்லாம் இல்லையாமே? அப்ப வேலையெல்லாம் அங்க போயிடுமாம்மா?"

கேள்வியில் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. அவருக்கு வீட்டுப் பக்கம் வேலை கிடைத்தால் விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை. ஆனால் சம்பளம் ரிங்கிட்டில் வரும்.

பெங்கேராங் சாங்கிக்கு நேர் எதிரே. அங்கே பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சேர்ந்து நடத்தும் வளாகத்தில் நாளுக்கு 300,000 பீப்பாய் சுத்திகரிக்கும் திறன் இருக்கிறது. வரி வித்தியாசம் மட்டும் முக்கியமென்றால் இந்தக் குறுகிய கடலைத் தாண்டியே எல்லாம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜூரோங் தீவில் ஓர் ஆலையின் கழிவு இன்னோர் ஆலைக்கு மூலப்பொருள். நீராவி, ஹைட்ரஜன், நைட்ரஜன் எல்லாம் வேலிக்கு வெளியே குழாயில் கிடைக்கும். ஒரு ஆலையைத் தனியாகப் பிடுங்குவது கஷ்டம். ஆனால் இந்தப் பின்னலுக்கு மறுபக்கமும் உண்டு: நடுவில் ஒரு ஆலை மூடினால், பக்கத்து ஆலைக்கும் இழுக்கும்.

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபரில் பிரதமர் அன்வார் தாக்கல் செய்த 2025 வரவுசெலவுத் திட்டத்தில், இரும்பு எஃகுத் தொழிலுக்கும் எரிசக்தித் தொழிலுக்கும் 2026க்குள் கரிம வரி வரும் என்றார். அதற்கு ஐரோப்பா ஒரு பெரிய காரணம். இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றின் கரிம வெளியீட்டுக்கு எல்லையில் விலை வைக்கும் ஏற்பாடு, 2023 அக்டோபரில் ஒத்திகையாகத் தொடங்கி, 2026 ஜனவரியில் உண்மையாகவே அமலுக்கு வந்தது. உள்நாட்டில் கட்டிய கரிம விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம். எப்படியும் யாரோ ஒருவர் வாங்கப்போகும் வரி. நாமே வாங்கினால் பணமாவது இங்கே தங்கும் என்ற கணக்கு. விதி தளர்வான அடுத்த தீவைத் தேடும் பழைய வழி கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுகிறது.

ஆனால் இந்த வரலாற்றில் கணக்கில் வராத ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ஆலை ‘ஷட்டவுன்’ எடுத்தால் தீவுக்குள் பஸ் பஸ்ஸாக ஆள் வரும். சாரம் கட்ட, வெல்டிங் செய்ய, தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய. அவர்களில் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன்மார் பலர். முதலீடு நின்றால் வேலை அனுமதி முதலில் தீர்வது அவர்களுக்குத்தான். நிறுவனம் போக முடியும் என்பதால் அதற்குச் சலுகை. கார் ஓட்டுபவர் போக முடியாது என்பதால் அவருக்கு முழு வரி. இவர்களுக்கோ தங்குவதும் போவதும் தங்கள் கையில் இல்லை. நான் வரியை எதிர்த்து இதைச் சொல்லவில்லை. வரி ஏற வேண்டும் என்பதே என் எண்ணம். கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவது மண் போட்டு நிரப்பிய நிலமும்தானே. ஆனால் வசூலாகும் பணம் ஆலைகளுக்கும் மின்கட்டணச் சலுகைக்கும் போவது போல, ஆலை மூடும்போது ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்று பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

*

என் எக்செல் தாளுக்கு வருகிறேன். 2022 அறிவிப்பு வந்த வாரமே அதைத் திரும்பத் திறந்தேன். 25 வெள்ளி போட்டால் ஆறு வருஷம். 45 போட்டால் ஐந்து வருஷத்துக்குச் சற்று மேலே. 80 போட்டாலும் நாலு வருஷம். மூன்றுக்குள் வரவே இல்லை. பிறகு பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் மானியம் பற்றித் தெரிந்தது. தகுதி பெற்றால் செலவில் பாதி வரை கிடைக்கும். 45 வெள்ளியும் பாதி மானியமும் சேர்ந்தால் இரண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். வந்துவிட்டது! தாளைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன்.

அவர் கணக்கில் ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லை. நிதானமாகப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதாம்மா. இந்த உலை அடுத்த பத்து வருஷம் இருக்குமான்னு சொல்லு, உடனே கையெழுத்துப் போடறேன்" என்றார். அதற்கு என் தாளில் கட்டம் இல்லை. மூன்று வருஷத்தில் திரும்பும் பணத்துக்கும், மூன்று வருஷம் கழித்து இருக்குமா என்று தெரியாத ஆலையில் யாரும் பணம் போட மாட்டார்கள். வரி முதலீட்டைக் கேட்கிறது. சந்தை ஆயுளைக் குறைக்கிறது. பழைய ஆலைகள் இரண்டுக்கும் நடுவில் நின்று, முதலீடும் செய்யாமல், மூடவும் செய்யாமல், வரியைக் கட்டிக்கொண்டே ஓடுகின்றன. 50 முதல் 80 என்ற அந்த இடைவெளியும் இதற்கு உதவவில்லை. 50க்கு ஒரு முடிவு, 80க்கு வேறு முடிவு. எது வருமென்று தெரியும்வரை காத்திருப்பதுதான் மலிவு.

1960களில் ஐந்தாண்டு வரி விலக்கு என்றால் ஐந்தாண்டுதான்; முதலீட்டாளர் அதை நம்பிக் கட்டினார். நார்வேயிலும் வரி நிலைக்கும் என்று நம்பியே கடலடியில் துளை போட்டார்கள். விகிதம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு தெளிவாக முன்கூட்டியே சொல்லப்படுகிறது என்பதும் ஆலையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. இத்தனை ஆண்டு வரலாற்றில் நான் கண்டுகொண்டது இதுதான்.

இந்த ஜனவரியில் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அந்தத் தாளைத் திறந்து 25ஐ அழித்துவிட்டு 45 என்று மாற்றினேன். இப்போது அது அனுமானம் இல்லை, சட்டப்படியான விலை. மறுபடியும் மேலே அனுப்பியிருக்கிறேன். ஜொகூர் அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னும் விடலையா நீ?" என்றார். உலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புகைபோக்கியின் வெப்பமானியில் நேற்றும் அதே எண்தான்.